சிக்கலான கர்ப்பத்தில் எங்கே பெற்றுக்கொள்வது? சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் வாசகர்கள் மூவர் ஏறத்தாழ ஒரே கேள்வியை அனுப்பியிருந்தார்கள். உட்லண்ட்ஸில், குடும்பத்தை அழைத்துவரக்கூடிய வேலை அனுமதியில் இருக்கும் ஒருவரின் மனைவிக்குக் கர்ப்பகால நீரிழிவு. தஞ்சாவூரிலிருந்து மாமியார் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நிரந்தரவாசிகளான ஒரு தம்பதியருக்கு இரட்டைக் குழந்தைகள். செலவு எந்தத் திசையில் போகும் என்று தெரியாமல் தவிக்கிறார்கள். மூன்றாமவர் சிங்கப்பூரர், முதல் பிரசவத்தில் இரத்த அழுத்தம் ஏறி 33ஆம் வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று, இந்த முறையும் அதே தனியார் மருத்துவரிடம் போவதா என்று கேட்கிறார்.

மூவரும் கேட்டது தாய்க்கு எந்த இடம் வசதி என்பதைத்தான். நான் முதலில் கேட்பது வேறு: குழந்தை இன்றிரவே பிறந்துவிட்டால் அதற்கு எப்படிப்பட்ட கட்டில் வேண்டும், அந்தக் கட்டில் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு முறை முடிவெடுத்து மறந்துவிடும் காரியமன்று. நான் மருத்துவர் அல்லள். தங்கையின் பிரசவத்தை ஒட்டி ஏறத்தாழ ஏழு வாரம் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்தவள். அதன்பின் இத்தகைய கேள்விகளோடு வரும் குடும்பங்களுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகியவள். மருந்து, சிகிச்சை குறித்த இறுதிச் சொல் உங்கள் மருத்துவருடையதே.

முதலில் சிக்கலை இனம் பிரித்தல்

‘சிக்கல்’ என்ற ஒரே சொல்லின்கீழ் பலவற்றையும் போட்டுவிடுகிறோம். ஆனால் குழந்தையை அவை பாதிக்கும் வழிகள் வெவ்வேறு. அந்த வழி தெரியாமல் இடத்தை ஒப்பிட முடியாது.

சில சிக்கல்கள் குழந்தையை நாளுக்கு முன்பே வெளியே கொண்டுவருகின்றன. 37 வாரம் நிறைவதற்குள் பிறப்பது குறைப்பிரசவம். 32 வாரத்துக்கு முன் என்றால் மிகுந்த குறைமாதம். 28 வாரத்துக்கு முன் என்றால் மிக மிகக் குறைமாதம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணமும் குறைப்பிரசவத்தின் விளைவுகள்தாம். ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள்ளும் பெரும் வேறுபாடு உண்டு. நல்ல வசதியுள்ள பிரிவில் 28 வாரத்தைத் தாண்டிப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கின்றன. 24ஆம் வாரத்தில் பிறப்பவற்றின் வாய்ப்பு அதைவிட வெகுவாகக் குறைவு, பிழைப்பவையும் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருக்கும். இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை 37 வாரத்துக்கு முன்பே முடிகின்றன.

பிரீஎக்ளாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் இந்த வகையில் முதன்மையானது. 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் கசிவதும், கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்படுவதும் இதன் அடையாளங்கள். நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைவதால் குழந்தையின் வளர்ச்சி தடைப்படும். பிரசவம் ஒன்றே இதற்குத் தீர்வு என்பதால், தாயைக் காப்பாற்றக் குழந்தையை 30ஆம் வாரத்திலேயே எடுக்க நேரிடலாம். விடாத தலைவலி, கண்முன் பொறி பறப்பது, வலது மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே இந்நோய் வந்தவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. 16 வாரத்துக்கு முன் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்ட அபாயமுள்ள பெண்களிடம், 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்ளாம்ப்சியா பாதிக்கும் மேல் குறைந்ததை 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மூன்றாம் வாசகர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். இதற்குக் கெடு 16ஆம் வாரம்.

வேறு சில சிக்கல்கள் குழந்தையை நிறைமாதம் வரை விட்டுவைத்து, பிறந்த முதல் சில மணி நேரத்தில் தொல்லை தருகின்றன. கர்ப்பகால நீரிழிவு அப்படிப்பட்டது. சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. இந்திய வம்சாவளியினருக்கு வாய்ப்பு கூடுதல். 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையே சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையில் பிடிபடும். கட்டுக்குள் வைக்காவிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை சட்டென இறங்கலாம், மூச்சுத் திணறலாம், மஞ்சள் காமாலை வரலாம். பெரும்பாலும் இரண்டொரு நாள் கண்காணிப்பில் சரியாகிவிடும். (பரிசோதனை முடிவு வந்த அதே வாரத்தில்தான் நம் வீடுகளில் வளைகாப்பு நடத்தி, புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழு வகைச் சோற்றை அந்தப் பெண்ணின் இலையில் வைக்கிறோம்.)

நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை தாயின் இரத்தப்போக்கு. அங்கே குழந்தைக் கட்டிலைவிட இரத்த வங்கி முக்கியம். உள்ளங்கையிலும் பாதத்திலும் அடங்காத அரிப்பு எடுக்கும் கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் தெற்காசியப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ‘உடம்புச் சூடு’ என்று வெண்ணெய் தடவி அதை விட்டுவிடக்கூடாது. இரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது.

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், குழந்தைப் பிரிவின் ஆழம். எத்தனை வாரக் குழந்தையை அந்த மருத்துவமனை தன்னிடமே வைத்துப் பார்க்கும்? செயற்கை சுவாசம், குழந்தை அறுவை சிகிச்சை, இதய மருத்துவர் ஆகியவை அதே கட்டடத்தில் உள்ளனவா? மிகக் குறைந்த வாரங்களில் பிறக்கும் குழந்தைகள், பிறந்தபின் வேறிடத்துக்கு மாற்றப்படுவதைவிட, உயர்நிலைப் பிரிவுள்ள மருத்துவமனையிலேயே பிறக்கும்போது நன்றாகப் பிழைக்கின்றன என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. சிங்கப்பூரில் எந்த மருத்துவமனைக்கும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் இதை நாம் இலேசாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தீவு விரைவுச்சாலையில் அந்த அரை மணி நேரம் சின்ன விஷயமன்று.

இரண்டாவது, பின்னிரவு மூன்று மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்பது. மயக்க மருத்துவரும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார்களா, வீட்டிலிருந்து அழைக்கப்பட வேண்டியவர்களா?

மூன்றாவது, பணம். ஒரு பிரசவத்துக்கு இரண்டு கட்டணச் சீட்டுகள் வரும், ஒன்று தாய்க்கு, ஒன்று குழந்தைக்கு. தாயின் செலவுக்கு மேல்வரம்பு ஒன்றை ஊகிக்கலாம். குழந்தையின் செலவுக்கு அப்படி எதுவுமில்லை. அதை நிர்ணயிப்பவை தங்கும் நாட்களும் குழந்தையின் குடியுரிமையும்.

நான்காவது, வீட்டுத் துணையும் பேச்சும். மூத்த குழந்தையை யார் பார்ப்பது, பத்தியச் சாப்பாட்டை யார் சமைப்பது, மருத்துவர் சொல்வதை யார் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்வது? இதை நான்காவதாக வைத்ததற்காக என் அம்மாவே என்னோடு சண்டை போட்டிருக்கிறார். வரிசையை மாற்ற மாட்டேன்.

அரசாங்க மருத்துவமனை, மானிய வகுப்பு

பிரசவம் பார்க்கும் அரசாங்க மருத்துவமனைகள் மூன்று: கேகே மகளிர் சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. தேக்காவின் பக்கத்திலிருக்கும் கேகே, நம்மில் பலருடைய பாட்டிகளும் பிரசவித்த இடம். 1966இல் ஓராண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற அதன் மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். சிராங்கூன் சாலையில் மாடு கட்டியிருந்த நம்மவர்களின் சுவடு அந்தப் பெயரில் இருக்கிறது. இன்று நாட்டின் மிகப் பெரிய பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருப்பதும் அங்கேதான்.

முதல் அளவுகோலில் அரசாங்க மருத்துவமனைகளுக்கு நிகரில்லை. 2020இல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 25 வாரம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை 212 கிராம் எடையில் பிறந்தது. ஓர் ஆப்பிளின் எடை. தாய்க்கு இருந்தது பிரீஎக்ளாம்ப்சியா. பதின்மூன்று மாதங்களுக்குப் பிறகு, 2021இல், 6.3 கிலோ எடையோடு அக்குழந்தை வீட்டுக்குப் போனது. கட்டணத்தைச் செலுத்தப் பொதுமக்களிடம் திரட்டிய நிதி 3 இலட்சம் வெள்ளியைத் தாண்டியது. அந்தப் பிரிவின் ஆழம் எவ்வளவு, பதின்மூன்று மாதத்தின் விலை எவ்வளவு என்ற இரண்டையும் அந்த ஒரு குழந்தையின் கதையிலிருந்தே அறியலாம்.

தாய்ப்பால் இன்னும் சுரக்காத தாய்மாரின் குறைமாதக் குழந்தைகளுக்காக, தானமாகப் பெற்ற தாய்ப்பாலைப் பதப்படுத்தித் தரும் வங்கி 2017இல் கேகேயில் தொடங்கப்பட்டது. மூன்று அரசாங்க மருத்துவமனைகளின் குழந்தைகளுக்கும் அது பயன்படுகிறது. குறைமாதக் குழந்தையின் குடல் அழற்சியைத் தவிர்ப்பதில் தாய்ப்பாலுக்குள்ள பங்கு பெரிது. விளம்பரக் கையேடுகளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது, ஆனால் 29 வாரக் குழந்தையின் தாய்க்கு அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைவிட இது முக்கியம்.

சிங்கப்பூரருக்குப் பணக் கணக்கும் இங்கேதான் மிகவும் சாதகம். பி2, சி எனப்படும் படுக்கை வகுப்புகளில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானியம் கிடைக்கிறது. நிரந்தரவாசிக்குக் குறைந்த மானியம். வேலை அனுமதியில் இருப்போருக்கு மானியம் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை பெறும் குழந்தைக்குப் பிறந்த நாள் முதல் மெடிஷீல்ட் லைஃப் எனும் தேசிய மருத்துவக் காப்புறுதி உண்டு. பிறவிக் குறைபாடுகளுக்கும் அது பொருந்தும். 2025 ஏப்ரல் முதல் பிறக்கும் குழந்தையின் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் அரசாங்கம் போடும் தொகை 5,000 வெள்ளி. தாய்க்கும் 2019 முதல், கடுமையான கர்ப்பகாலச் சிக்கல்களுக்கான மருத்துவமனைச் சிகிச்சைக்கு மெடிஷீல்ட் லைஃப் கைகொடுக்கிறது. இவற்றுக்கு அப்பாலும் முடியாத குடும்பங்கள் மருத்துவமனையின் சமூக சேவையாளரிடம் மெடிஃபண்ட் எனும் அரசாங்க உதவி நிதி குறித்துக் கேட்கலாம். கேட்க வெட்கப்பட்டுக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் விலை, காத்திருப்பும் முகங்கள் மாறுவதும். உங்கள் மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் கோப்பைப் புரட்டி முதலிலிருந்து கேட்பார். மானியக் கட்டணத்தில் தொடங்க வேண்டுமானால் பலதுறை மருந்தகம் எனப்படும் அரசாங்க ஆரம்பநிலை மருத்துவ நிலையத்தின் பரிந்துரையோடு போக வேண்டும். இதைத் தெரியாமல் நேரே சிறப்பு மருத்துவரிடம் போய்த் தனியார் நோயாளியாகப் பதிந்துகொண்டவர்கள், பின்னர் மானியத்துக்கு மாறப் படாத பாடு படுகிறார்கள்.

அரசாங்க மருத்துவமனை, தனியார் வகுப்பு

அதே கட்டடம், அதே குழந்தைப் பிரிவு, ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவர். முதல் இரண்டு அளவுகோல்களில் மானிய வகுப்புக்குச் சமம். மருத்துவர் தொடர்ச்சியில் அதைவிட மேல். முன்பு குழந்தையை இழந்தவர்களுக்கும், முதல் பிரசவம் சிக்கலில் முடிந்தவர்களுக்கும் தம் கதையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதே பெரிய ஆறுதல். மூன்றாம் வாசகருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் வகுப்பு என்பது தாயின் அறைக்கு மட்டும் பொருந்தும் சொல் என்று எண்ணிவிடக்கூடாது. மானியம் இல்லாத வகுப்பில் தொடங்கிய கர்ப்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு எந்தக் கட்டணம், தேவைப்பட்டால் குழந்தையை மானிய வகுப்புக்கு மாற்றலாமா, எப்போதிலிருந்து என்று முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனை

தாம்சன், மவுண்ட் எலிசபெத், கிளெனீகல்ஸ் போன்றவற்றின் சிறப்பு வெளிப்படை: ஒரே மருத்துவர், காத்திருப்பில்லாத ஸ்கேன், தனியறை, கணவர் இரவில் தங்க இடம். நிறைமாதத்தை எட்டக்கூடிய, கட்டுக்குள் உள்ள கர்ப்பகால நீரிழிவுக்கு இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. தனியார் மருத்துவமனைகளிலும் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. ஆனால் கட்டில்களின் எண்ணிக்கையும், எத்தனை வாரம் வரை வைத்துக்கொள்வார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

என் தங்கை ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவத் தொகுப்புக் கட்டணம் செலுத்தியிருந்தாள். பெயர் இங்கே தேவையில்லை. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து நான்காம் நாள், 30ஆம் வாரத்தில், வழக்கமான பரிசோதனையில் இரத்த அழுத்தம் 158/104. குழந்தைக் கட்டில் அன்று காலியில்லை என்றார்கள். மாலை ஆறு மணிக்கு அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே தாதி ஊசிக்குழாய் ஏற்ற நரம்பு தேடியபோது இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். சோப்பு நுரை தடவி ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு உடைந்தன, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்சம் பத்தொன்பதையும் கைக்குட்டையில் கட்டி என்னிடம் கொடுத்தார் அந்தத் தாதி. நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியின் முதல் தவணை இரவு ஒன்பது மணிக்குப் போடப்பட்டது. 1972இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் உலகுக்குத் தெரிவித்த அந்த ஊசி, போட்டு ஒரு நாள் கழிந்து ஒரு வாரத்துக்குள் பிரசவம் நடந்தால்தான் முழுப் பயன் தரும். மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது, 1,240 கிராம். காலையில் போட்டிருக்க வேண்டிய ஊசி இடமாற்றத்தால் இரவுக்குத் தள்ளிப்போனது. எங்களுக்கு நேரம் இருந்தது, எல்லாருக்கும் இருக்காது.

தொகுப்புக் கட்டணம் சிக்கலில்லாத பிரசவத்துக்கானது. குழந்தையின் தீவிர சிகிச்சை அதில் அடங்காது. மருத்துவமனை, மகப்பேற்று மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர் என்று கட்டணச் சீட்டுகள் தனித்தனியே வரும். மகப்பேற்றுக் காப்புறுதித் திட்டங்கள் பெரும்பாலும் 13ஆம் வாரத்திலிருந்து வாங்கக்கூடியவை. பட்டியலிட்ட சிக்கல்களுக்கு மட்டும் பணம் தரும். வாங்கும்போதே கண்டறியப்பட்டிருந்த சிக்கலை விலக்கிவிடும். சிக்கல் தெரிந்தபிறகு காப்புறுதி தேடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது.

தாய்வீடு

இதை எழுதும்போது கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் தாய்வீட்டுப் பிரசவத்தை ஒரு மூடநம்பிக்கைபோல் பேசுவோர் பெருகிவிட்டனர். அது அப்படியன்று. பேறுகால உதவியைக் கூலிக்கு அமர்த்தும் ஊரில், பெற்ற தாய் பக்கத்தில் இருப்பதற்கு ஈடில்லை. சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் உயர்தரமான குழந்தைப் பிரிவுகள் உண்டு. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இலிருந்து இயங்குகிறது. இந்தியாவின் மாதிரிப் பதிவு முறையின்படி 2020இல் தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 9 குழந்தைகள் முதல் 28 நாளுக்குள் இறந்தன. இந்தியா முழுமைக்கும் அது 20. சிங்கப்பூரில் ஏறத்தாழ ஒன்று. ஆனால் இந்தச் சராசரிகளை அப்படியே உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தக்கூடாது: சென்னையின் பெரிய மருத்துவமனையும் சிறு நகரத்து இரண்டு மாடி நர்சிங் ஹோமும் அந்த ஒரே 9க்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே ‘ஊரில்’ என்பது போதாது. ஊரில் எந்தக் கட்டடத்தில், அங்கிருந்து உயர்நிலைக் குழந்தைப் பிரிவு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டும்.

எனக்குள்ள உண்மையான அச்சம் நாட்காட்டி பற்றியது. வழக்கப்படி ஏழாம் மாதம் வளைகாப்பு, அது முடிந்ததும் பயணம். அதாவது 28ஆம் வாரத்துக்கும் 32ஆம் வாரத்துக்கும் இடையே. இரத்த அழுத்தம் ஏறத் தொடங்குவதும், இரட்டைக் குழந்தைகள் முந்திக்கொள்வதும், நீரிழிவுக்கு இன்சுலின் தேவையா என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் அப்போதிலிருந்துதான். கோப்பு முழுவதும் இங்கே. நோயாளி நாலு மணி நேர விமானத்தில். இறங்கியபின் புது மருத்துவர் முதலிலிருந்து தொடங்குகிறார். நிறைமாதத்தில் பெற்ற நம் பாட்டிகளுக்கு அந்த நாட்காட்டி சரியாகப் பொருந்தியது. சிக்கலுள்ள கர்ப்பத்துக்குப் பொருந்தாது. போவதென்றால் 20 வார ஸ்கேன் முடிந்தவுடன், சிக்கல் தலைதூக்கும் முன்பே போய் அங்கே பதிந்துகொள்ள வேண்டும், இல்லையேல் போகக்கூடாது. வளைகாப்பை இங்கேயே நடத்திக்கொள்ளலாம். அம்மா இங்கே வரலாம்.

விமான நிறுவனங்களின் விதிகளையும் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சிக்கலற்ற ஒற்றைக் கர்ப்பத்துக்கு 36 வாரம் வரையிலும் இரட்டைக் கர்ப்பத்துக்கு 32 வாரம் வரையிலும் மட்டுமே அனுமதிக்கிறது; 29ஆம் வாரத்திலிருந்து மருத்துவச் சான்றிதழும் வேண்டும். பயணக் காப்புறுதிகள் பொதுவாகப் பிரசவச் செலவை ஏற்பதில்லை. சிங்கப்பூரரின் குழந்தை வெளிநாட்டில் பிறந்தால் வம்சாவளிக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறும்வரை மெடிஷீல்ட் லைஃப் இல்லை. குறைமாதமாகப் பிறந்துவிட்டால் அந்தக் குழந்தை விமானம் ஏறத் தகுதி பெறும்வரை தாயும் அங்கேயே. கணவர் இங்கே வேலையில். இந்தப் பிரிவை எந்தக் கணக்கிலும் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

இவ்வளவும் சொன்னபிறகும், வேலை அனுமதியில் இருக்கும் குடும்பத்துக்குத் தாய்வீடு சிறந்த தேர்வாக இருக்கும் சூழல் உண்டு. இங்கே பிறந்தாலும் அவர்கள் குழந்தை வெளிநாட்டவர். மெடிஷீல்ட் இல்லை, மானியமும் இல்லை. தீவிர சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் முழுக் கட்டணம். கணவரின் நிறுவனக் காப்புறுதி குழந்தையின் முதல் நாளிலிருந்தே செலவை ஏற்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் பதினைந்தாம் நாளிலிருந்து என்பதுபோல் ஒரு விதி வெளிப்படும். அந்தப் பதினான்கு நாட்கள்தாம் மிகவும் விலையுயர்ந்தவை. நீரிழிவு மட்டுமே உள்ள, மற்றபடி நலமான ஒற்றைக் கர்ப்பத்தோடு, பெரிய நகரத்து மருத்துவமனையை முன்கூட்டியே முடிவு செய்து, 28 வாரத்துக்கு முன் பயணம் செய்வது முதல் வாசகருக்குப் பொருத்தமான வழியே.

ஜொகூர்

மலேசியர்களான தமிழர் பலருக்கு இது தாய்வீடும் கூட. நிறைமாதப் பிரசவத்துக்குச் செலவு குறைவு, மொழியும் உறவும் பக்கத்தில். ஆனால் கணவர் சிங்கப்பூரில் இருக்கையில் மனைவிக்கு வலி எடுத்தால் நடுவில் இருப்பது கடற்பாலத்து நெரிசல். குறைப்பிரசவ வாய்ப்புள்ளவர்கள் எந்தக் கரையில் என்று ஒன்றை முடிவு செய்து, 28ஆம் வாரத்துக்குப் பின் தினமும் எல்லை கடப்பதை நிறுத்திக்கொள்வது நல்லது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | அரசாங்கம், மானியம் | அரசாங்கம், தனியார் வகுப்பு | தனியார் | தாய்வீடு |
|---|---|---|---|---|
| குழந்தைப் பிரிவின் ஆழம் | மிக உயர்வு | மிக உயர்வு | இடத்துக்கு இடம் மாறும் | ஊரையும் கட்டடத்தையும் பொறுத்தது |
| பின்னிரவில் மருத்துவர் குழு | கட்டடத்திலேயே | கட்டடத்திலேயே | கேட்டறிய வேண்டும் | கேட்டறிய வேண்டும் |
| ஒரே மருத்துவர் | இல்லை | உண்டு | உண்டு | பெரும்பாலும் உண்டு, ஆனால் பாதியில் மாற்றம் |
| குழந்தைச் செலவு, குடியுரிமை உள்ள குழந்தை | மிகக் குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | மிக அதிகமாகலாம் | கையிலிருந்தே |
| குழந்தைச் செலவு, குடியுரிமை இல்லாத குழந்தை | மானியம் கிடையாது | முழுக் கட்டணம் | முழுக் கட்டணம் | ஒப்பீட்டில் குறைவு |
| வீட்டுத் துணை | நீங்களே ஏற்பாடு | நீங்களே ஏற்பாடு | நீங்களே ஏற்பாடு | நிறைவு |

நிரந்தரவாசத் தம்பதியர் அட்டவணையின் ஐந்தாம் வரியை இருமுறை படிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் நிரந்தரவாசிகளாக இருப்பதால் மட்டும் குழந்தைக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது. விண்ணப்பம் ஏற்கப்படும்வரை கட்டணச் சீட்டில் அது வெளிநாட்டவர். பெற்றோர் தம் மெடிசேவ் கணக்கிலிருந்து வரம்புக்குள் எடுக்கலாம், ஆனால் இரண்டு தீவிர சிகிச்சைக் கட்டில்களுக்கு அது சில நாட்களே தாங்கும். அவர்களுக்கு நான் சொன்னது இது: மருத்துவமனையை மாற்றாதீர்கள், இரட்டைக் குழந்தைகளுக்கு அரசாங்க மருத்துவமனையின் பிரிவே பாதுகாப்பு, தனியறையை விட்டுவிட்டு அந்தப் பணத்தைக் குழந்தைகளுக்கு ஒதுக்குங்கள், 20ஆம் வாரத்திலேயே கட்டணப் பிரிவில் முன்மதிப்பீடு கேளுங்கள்.

வார வாரியாக முடிவு

12 முதல் 16 வாரத்துக்குள்: முன்பு பிரீஎக்ளாம்ப்சியா வந்ததா, இரட்டையா, நாட்பட்ட இரத்த அழுத்தம் உண்டா என்று பார்த்து ஆஸ்பிரின் பற்றிக் கேட்பது, காப்புறுதியை ஆராய்வது, மானியம் வேண்டுமெனில் பலதுறை மருந்தகப் பரிந்துரை பெறுவது.

20ஆம் வாரம்: நச்சுக்கொடியின் இடமும் கருப்பை வாயின் நீளமும் தெரியும். கருப்பை வாய் குட்டையாக இருந்தாலோ, நச்சுக்கொடி தாழ்ந்திருந்தாலோ விமானப் பயணத் திட்டத்தைக் கைவிட்டு, அரசாங்க மருத்துவமனையில் ஒரு முறையாவது பதிந்து கோப்பு திறந்துவைப்பது. தனியார் மருத்துவரிடம் தொடர்வோரும் இதைச் செய்யலாம்.

24 முதல் 32 வாரம் வரை: புதிதாக எதையும் மாற்றக்கூடாத காலம் இது. மாற்றியே ஆக வேண்டுமெனில் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே மாற்ற வேண்டும்.

34ஆம் வாரத்துக்குப் பின்: இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து குழந்தையும் நன்றாக வளர்ந்திருந்தால் தேர்வுகள் மீண்டும் விரிகின்றன. தனியார் மருத்துவமனையில் வைத்துக்கொள்ள விரும்புவோர் இப்போது நிம்மதியாக அந்த முடிவை எடுக்கலாம்.

பணிபுரியும் தாய்மார் இன்னொன்றையும் இப்போதே மேலாளரிடம் பேசிவைக்க வேண்டும். அரசாங்க ஆதரவுடன் கிடைக்கும் 16 வார மகப்பேற்று விடுப்பில் கடைசி எட்டு வாரத்தை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், குழந்தை பிறந்த பன்னிரண்டு மாதத்துக்குள் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். குழந்தை ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தால், அது வீட்டுக்கு வரும்போது விடுப்பின் பெரும்பகுதி கரைந்திருக்கும். என் தங்கை அந்த எட்டு வாரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

கடைசியாக, கைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு. முதல் பக்கத்தில் இரத்த வகை, மருந்து ஒவ்வாமை, கோப்பு எண், பதிந்துள்ள மருத்துவமனையின் பிரசவ அறைத் தொலைபேசி. அடுத்த பக்கங்களில் காலை, மாலை இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, நாள் குறித்து. 140/90ஐத் தொட்டால் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மீண்டும் ஒரு முறை பார்த்து, அப்போதும் குறையாவிட்டால் பிரசவ அறைக்குத் தொலைபேச வேண்டும். 160/110ஐத் தொட்டால் காத்திராமல் உடனே கிளம்ப வேண்டும். வளையல்களை வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.